உங்கள் 2-ம் அவருடைய 2-ம் ஒன்றா?

ஈசூன் விளையாட்டரங்கிலோ பள்ளித் திடலிலோ பிள்ளைகளைப் பழக்குபவர் எஃப்எம்எஸ் (Functional Movement Screen) அசைவுச் சோதனை வைப்பதில் பெரிய வித்தை இல்லை. ஏழு அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. நீங்கள் போடும் மதிப்பெண்ணையே உங்கள் உதவியாளரும் போடுவாரா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பயிற்சிக்கு முன்பே சோதியுங்கள். இந்தப் புழுக்கத்தில் ஓடிய பிறகு வைத்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள். எல்லாருக்கும் ஒரே வார்த்தைகளில் சொல்லுங்கள். எதற்கு 3 என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீயணைப்பாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், விதியைச் சொன்னதுமே மதிப்பெண் ஏறிவிட்டது.

இரண்டு கைபேசிகள் வையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பக்கவாட்டில். கோலைத் தலைக்கு மேல் பிடித்து ஆழமாக உட்காரும்போது சிலருக்குக் குதிகால் நகத்தளவு எழும்பும். முன்னால் நிற்பவர் கண்ணுக்கு அது தப்பும், 3 போட்டுவிடுவார்.

இனி முக்கியமானது. இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். மொத்தத்தை ஒப்பிடாதீர்கள், ஓர் அசைவில் கூடியது இன்னொன்றில் குறைந்து மொத்தம் சரியாகிவிடும். அசைவு அசைவாகப் பாருங்கள். 20 பேரில் 15 பேருக்கு இருவரும் 2, ஒருவருக்கு இருவரும் 3, மற்ற நால்வருக்கு மாறி மாறிப் போட்டு, ஆளுக்கு 17 பேருக்கு 2 கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருத்தம் 80 விழுக்காடு. மகிழ்ந்துவிட வேண்டாம். அதே 17 பேருக்கு 2, 3 பேருக்கு 3 என்ற கணக்கில் கண்ணை மூடிப் போட்டிருந்தாலே 74.5 விழுக்காடு பொருந்தியிருக்கும் (0.85×0.85 + 0.15×0.15). அதை 80-லிருந்து கழித்தால் 5.5, 100-லிருந்து கழித்தால் 25.5. வகுத்தால் 0.22. தற்செயலைக் கழித்துவிட்டுப் பொருத்தத்தைக் காட்டும் காப்பா (kappa) என்ற அளவு இதுதான். 0.6-க்குக் கீழே வந்த அசைவை நான் பதிவேட்டில் ஏற்றவே மாட்டேன். சராசரி எடுத்துச் சமாளிப்பது வேண்டவே வேண்டாம். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கே பிரிந்தீர்கள் என்று கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் அதே காணொளிக்கு மறுபடி போடுங்கள். உங்களோடு நீங்களே ஒத்துப்போகாவிட்டால் உதவியாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் காயம் வரும் என்ற பேச்சு, 2007-இல் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களிடம் செய்த ஆய்விலிருந்து பரவியது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தக் கணிப்பு நிற்கவில்லை. இருவர் மதிப்பெண்ணும் ஒத்திருந்தாலும் அது காயத்தை முன்கூட்டிச் சொல்லாது. 13 எடுத்த பிள்ளையை அணியிலிருந்து நீக்காதீர்கள். ஆனால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அந்த அசைவுக்கு 0 போட்டு, சோதனையை அங்கேயே நிறுத்தி, பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள்.