கலங்கிய பீரில் மாம்பழ வாசனை எப்படி?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போனபோது, நண்பர்கள் அங்கேயே பீர் தயாரித்துப் பரிமாறும் ஒரு பப்புக்கு அழைத்துப் போனார்கள். ‘ஹேஸி ஐபிஏ’ என்று ஒன்று வந்தது. பார்த்தால் கலங்கல், மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழமும் கொய்யாவும் தூக்கலாக இருந்தன. பழமே சேர்க்கவில்லை என்று பரிமாறியவர் சாதித்தார். எசென்ஸ் ஊற்றி ஏமாற்றுகிறார்களா? கலங்கினால் பீர் கெட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? இதை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது? அடுத்த முறை நண்பரிடம் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: பரிமாறியவரைச் சந்தேகப்பட வேண்டாம். பழமோ எசென்ஸோ இல்லாமலேயே அந்த வாசனை வரும். அதைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ.

வழக்கமான பீரில் ஹாப்ஸின் பெரும்பகுதியைக் கொதிக்கும்போதே போட்டுவிடுவார்கள். கசப்பு இறங்கும்; வாசனை ஆவியோடு போய்விடும். ஹேஸி ஐபிஏவில் இது தலைகீழ். கொதி அடங்கிய பிறகும், ஈஸ்ட் நொதிக்கும் தொட்டியிலும் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். தொட்டியில் போடுவதற்கு ‘டிரை ஹாப்பிங்’ என்று பெயர். கசப்பு அடங்கியிருக்க, பூவின் எண்ணெய் வாசனை அப்படியே தங்கிவிடுகிறது. சிட்ரா, மொசைக், கேலக்ஸி போன்ற ரகங்களை இதற்காகவே தேடி வாங்குவார்கள். கொய்யாவுக்கு அதன் தனி மணத்தைத் தரும் ‘தயால்’ என்ற கந்தகச் சேர்மங்களில் சில இந்த ஹாப்ஸிலும் உண்டு. மாம்பழத்தில் உள்ள மிர்சீன்தான் ஹாப்ஸ் எண்ணெயிலும் முக்கியமான பொருள். உங்கள் லேபில் கேஸ் குரோமட்டோகிராஃப் இருந்தால், பழத்துக்கும் பூவுக்கும் ஒரே இடத்தில் பீக் எழுவதைப் பார்க்கலாம்.

அடுத்தது கலங்கல். பார்லி மால்ட்டோடு ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் புரதம் கூடுகிறது. அது ஹாப்ஸின் பாலிஃபீனாலோடு பிணைந்து, அடியில் படியாமல் மிதக்கிறது. வடிகட்டினால் வாசனையும் கொஞ்சம் போய்விடும் என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ‘தி ஆல்கெமிஸ்ட்’ தயாரித்த ‘ஹெடி டாப்பர்’தான் இந்தப் பாணிக்கு முன்னோடி. 2011இல் அது கேனில் வந்தது; 2018இல் அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கம் இதைத் தனி வகையாகவே பட்டியலில் சேர்த்தது. தெளிவாக இருக்க வேண்டிய லாகர் கலங்கினால் சந்தேகப்படுங்கள். இங்கே சந்தேகப்பட வேண்டியது நிறத்தை. இளமஞ்சள் மங்கிப் பழுப்போ சாம்பலோ ஏறியிருந்தால் ஆக்சிஜன் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது பழவாசனை ஓடிப்போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும்.

சுவைப்பதற்கு அவசரம் ஆகாது. நம்மூர் பழக்கப்படி ‘ஜில்’லென்று கேட்காதீர்கள், அந்தக் குளிரில் வாசனை எழும்பாது. 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். பாட்டில் வாயிலிருந்து குடிக்காமல், மேல்பக்கம் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் பாதி மட்டும் ஊற்றி, மெல்லச் சுழற்றி முகருங்கள். முதலில் எந்தப் பழம் தோன்றுகிறதோ அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சிறு மிடறு எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி வாசனை அப்போதுதான் பிடிபடும். நல்லதென்றால் ஓட்ஸின் வழவழப்பு முதலில் தெரியும். கசப்பு கடைசியில் தலைகாட்டிவிட்டுப் போகும். தொண்டையில் காரம்போல எரிந்தால், ஹாப்ஸ் துகள் இன்னும் அடங்கவில்லை. தொட்டுக்கொள்ளக் காரசாரமான மிளகாய் வறுவல் வேண்டாம், கசப்பும் ஆல்கஹாலும் காரத்தைக் கிளறிவிடும். மசாலா குறைத்து வறுத்த பழவேற்காட்டு இறால் பொருந்தும்.

அளவிலும் கவனம் தேவை. பழரசம் மாதிரி இறங்கும். ஆனால் 6 முதல் 8 சதவீதம் ஆல்கஹால் சாதாரணம். 7 சதவீத பீர் 500 மில்லியில் 35 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தியில் 90 மில்லி ‘கட்டிங்’ போட்டால் உள்ளே போவது சுமார் 38.5 மில்லி. பெரிய வித்தியாசமில்லை. ஒன்றோடு நிறுத்துங்கள், வண்டியைத் தொடாதீர்கள்.

பாட்டில் கொண்டுவரச் சொல்லலாமா என்றால், வேண்டாம். வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி வில்லங்கம். சட்டத்தை விட்டாலும் பீர் தாங்காது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் ஆலை அனுப்பிய பீர், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து இந்தியா வந்தது. வரும் வழியிலேயே பக்குவப்பட்டது. ஐபிஏவின் (இந்தியா பேல் ஏல்) வம்சம் தொடங்குவது அங்கேதான். இன்றைய ஹேஸி ஐபிஏவோ வெயிலில் நின்ற பஸ்ஸின் லக்கேஜ் பெட்டியில் ஒரு பகல் கிடந்தாலே வாடத் தொடங்கிவிடும். டாஸ்மாக் கிடங்கிலும் கடையிலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பீர் தெளிவாக வடிகட்டப்பட்டு, பாஸ்டுரைஸ் ஆகி வருவதும் இந்தச் சூட்டைத் தாங்கத்தான். உங்கள் மாவட்டத்திலேயே, குத்தம்பாக்கம், அரண்வாயல் பக்கம் பெரிய பீர் ஆலைகள் இருந்தும் இந்தச் சரக்கு கடைக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே அதைத் தயாராகும் இடத்துக்கே போய்க் குடியுங்கள். கோப்பை வரும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை என்றைக்குக் கெக்கில் (பீப்பாயில்) நிரப்பினீர்கள்?’ ஒரு மாதத்துக்குள் என்றால் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் லாகர் கேளுங்கள்.