கைவிட வேண்டியதும் கையில் எடுக்க வேண்டியதும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளரின் பணி ஆட்டம் கற்றுத்தருவதோடு நிற்பதில்லை. பள்ளிகளிலிருந்து வீரர்களைத் தேர்ந்து அழைத்துவருவது, உதவிப் பயிற்சியாளர் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது, நன்கொடையாளர்களைச் சந்திப்பது, வாரந்தோறும் செய்தியாளர்களுக்குப் பதில் சொல்வது என எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அணி தொடர்ந்து தோற்கும்போது அவருக்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அந்த ஆலோசனைகளில் பெரும்பகுதி பயனற்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வீரரை குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தைப் பெற்றுத் தாக்குதலை வழிநடத்துபவராக, இறக்கியிருக்க வேண்டும் என்பதை அணியின் அன்றாடப் பயிற்சியைப் பார்த்தறியாத ரசிகர் தீர்மானிக்க வழியில்லை. ஆயினும் ஒரே அணியைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ரசிகருக்குப் பயிற்சியாளருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருக்க, ரசிகர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். ஆதலால் தோல்வி எந்த ஓட்டையின் வழியாகத் திரும்பத் திரும்ப உள்ளே நுழைகிறது என்பது அவர் கண்ணில் படுகிறது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் சான்று குறைவு. லிங்கன் நகரில் உள்ள அதன் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீராத ஆட்டமே கிடையாது என்பது அவ்வூராரின் பெருமை. அம்மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவரும், 1997இல் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அணியின் குவார்ட்டர்பேக்குமான ஸ்காட் ஃப்ராஸ்ட், மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை 2017இல் ஒரு தோல்வியும் இன்றி நடத்திய புகழோடு 2018 பருவத்துக்குத் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்றார். 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டபோது அவர் கணக்கில் இருந்தவை 16 வெற்றிகளும் 31 தோல்விகளும்; எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 5 வெற்றிகள், 22 தோல்விகள். 2021இல் ஆடிய 12 ஆட்டங்களில் ஒன்பதில் அணி தோற்றது. அந்த ஒன்பதிலும் வித்தியாசம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. ஆற்றல் குறைந்த அணி இப்படித் தோற்பதில்லை, அது நாற்பது புள்ளியில் தோற்கும். நூலிழையில் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியிடம் குறைவது வேறொன்று.

அது என்ன என்பதற்கு 2021 செப்டம்பர் 25 அன்று மிச்சிகன் ஸ்டேட் அணிக்கு எதிராக நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தை உதைத்து எதிரணியைத் தொலைவுக்குத் தள்ளுவது வழக்கம், இந்த உதைக்குப் பன்ட் என்று பெயர். நெப்ராஸ்கா 20-13 என முன்னிலையில் இருந்தது, நான்கு நிமிடங்களுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன, இரண்டாம் பாதியில் எதிரணியின் தாக்குதல் ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. அப்போது உதைக்கப்பட்ட பன்ட்டைத் துரத்திச் சென்ற வீரர்கள் வலப்புறம் ஓட, பந்து இடப்புறம் போயிற்று. அதைப் பிடித்த ஜேடன் ரீட், தடுக்க ஆளில்லாத வெளியில் 62 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டார். கூடுதல் நேரத்தில் நெப்ராஸ்கா 23-20 எனத் தோற்றது. அதற்கு முந்தைய வாரம் ஓக்லஹோமாவுடனான ஆட்டத்தில் கூடுதல் புள்ளிக்கான உதை தடுக்கப்பட்டு, எதிரணிக்கே இரண்டு புள்ளிகளாகத் திரும்பியிருந்தது. நவம்பரில் அயோவாவுக்கு எதிராக 21-6 என முன்னிலை பெற்றிருந்த அணி, நான்காம் பகுதியில் ஒரு பன்ட் தடுக்கப்பட்டதிலிருந்து சரிந்து 28-21 எனத் தோற்றது. மூன்றுமே உதைகள் தொடர்பானவை. தாக்குதலும் தற்காப்பும் அல்லாத இந்த வேலைகளைச் செய்வோரைச் சிறப்பு அணிகள் என்பர்.

ஃப்ராஸ்ட் அக்காலத்தில் தாக்குதல் உத்திகளை ஆட்டத்தின்போது ஒவ்வொன்றாகத் தாமே அறிவித்துவந்தார். பெயர் வாங்கித் தந்த வேலையை ஒருவர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை, தோற்கும் காலத்தில் அதை இன்னும் இறுகப் பற்றுவதும் இயல்பே. ஆனால் உத்தி அறிவிப்பாளராக மாறிவிட்ட தலைமைப் பயிற்சியாளர், அட்டையில் அடுத்த உத்தியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மைதானத்தில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் தலைவர் இல்லாமல் போகிறது. ஆகவே ரசிகர் சொல்லத்தக்க முதன்மையான ஆலோசனை இதுதான்: தாம் நன்றாகச் செய்வதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, யாரும் பொறுப்பேற்காமல் கிடப்பதைப் பயிற்சியாளர் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வர்ஜீனியா டெக் அணியின் ஃபிராங்க் பீமர் இதன் மறுபக்கம். பதவியேற்ற ஆறாம் பருவமான 1992இல் அவரது அணி இரண்டே வெற்றிகளும் ஒரு சமனும் பெற்று எட்டு ஆட்டங்களில் தோற்றது. இன்றைய நிலவரத்தில் டிசம்பர் பிறக்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது, உதவியாளர்கள் மாறினார்கள், மறு ஆண்டு ஒன்பது வெற்றிகள் வந்தன. அப்போது தொடங்கி 2015இல் ஓய்வுபெறும்வரை ஓர் ஆண்டும் தவறாமல், நல்ல பருவத்துக்குப் பரிசாக அமையும் பவுல் ஆட்டங்களில் அவ்வணி ஆடியது. பீமர் தம் நேரடிப் பொறுப்பில் வைத்துக்கொண்டவை சிறப்பு அணிகளே. கிளெம்சனில் டாபோ ஸ்வினி 2010இல் 6 வெற்றி, 7 தோல்வி எனத் தடுமாறியபின், சில காலம் முன்வரை பள்ளி அணிகளைப் பயிற்றுவித்துவந்த சாட் மோரிஸிடம் தாக்குதலை ஒப்படைத்ததும், மிச்சிகனில் ஜிம் ஹார்பா 2020இன் 2 வெற்றி, 4 தோல்விக்குப்பின் ஊதியக் குறைப்பை ஏற்று உதவியாளர் குழுவை மாற்றியமைத்ததும் இந்த வரிசையில் சேரும். இருவரும் பின்னர் தேசியப் பட்டம் வென்றனர்.

கடிகாரமும் இப்படி ஆளில்லாமல் கிடக்கும் பொறுப்புகளுள் ஒன்று. 2023 அக்டோபர் 7 அன்று மயாமி அணி ஜார்ஜியா டெக்கை 20-17 என முந்தியிருந்தது, எதிரணியிடம் ஆட்டத்தை நிறுத்தும் உரிமை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பந்தை வாங்கி முழங்காலிட்டிருந்தால் நேரம் தானே தீர்ந்திருக்கும். மயாமியோ பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்தது, அவர் அதை நழுவவிட்டார், எஞ்சிய 26 விநாடிகளில் ஜார்ஜியா டெக் 74 கெஜம் கடந்து வென்றது. பள்ளிச் சிறுவருக்கும் தெரிந்த கணக்கு இது. அறிவுக் குறைவால் நேர்ந்ததன்று, அந்த நொடியில் அதைச் சொல்வதே தன் வேலை என்றிருந்த ஒருவர் பயிற்சியாளரின் அருகில் இல்லாமையால், அல்லது இருந்தும் அவர் குரலுக்கு அதிகாரம் இல்லாமையால் நேர்ந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

துணிச்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் ரசிகர்கள் துணிச்சலை வெறுப்பவர்கள் என்ற தவறான எண்ணம் பயிற்சியாளர்களிடம் உண்டு. 1984 ஜனவரி 2இல் நடந்த ஆரஞ்சு பவுலில் நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்பர்ன், கடைசி நிமிடத்தில் மயாமியை 31-30 என நெருங்கியபோது, ஓர் உதையால் சமன் செய்திருந்தால் பட்டம் அநேகமாகக் கைக்கு வந்திருக்கும் என்பதை அறிந்தே இரண்டு புள்ளிகளுக்கு முயன்று தோற்றார். அம்முடிவை லிங்கன் இன்றும் மரியாதையோடு பேசுகிறது. 2022 ஆகஸ்டில் டப்ளினில் நடந்த ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்ன் அணியை 28-17 என முந்தியிருந்த ஃப்ராஸ்ட், மூன்றாம் பகுதியில் ஆன்சைட் கிக்குக்கு, அதாவது எதிரணிக்குச் சேர வேண்டிய பந்தைக் குறுகிய உதையால் தாமே கைப்பற்றும் முயற்சிக்கு, உத்தரவிட்டார். அது பலிக்கவில்லை, ஆட்டம் 31-28 எனக் கைநழுவியது. முன்னவர் வெற்றிக்காகத் துணிந்தார். பின்னவர் கையில் இருந்த வெற்றியை நம்பாமல் துணிந்தார். அன்று உதை தம் முடிவே என ஃப்ராஸ்ட் நேர்மையாக ஏற்றார், ஆனால் தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் இன்னும் கற்பனைத் திறனோடு செயல்பட வேண்டும் என்றும் கூறியது அந்த நேர்மையின் பலனைக் கரைத்துவிட்டது. தோற்ற மாலையில் உதவியாளரைச் சுட்டும் சொல் ஒன்றுகூடப் பயிற்சியாளர் வாயிலிருந்து வரலாகாது.

ஆலோசனை எதுவாயினும் காலத்தில் செய்தால்தான் பயன். வீரர்கள் அணி மாறுவதற்குப் பெயர் பதிந்துகொள்ளும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது, 2021 முதல் விளம்பர வருவாய் பெறவும் அவர்கள் உரிமை பெற்றனர்; முன்போல ஐந்தாண்டு அவகாசம் இன்று யாருக்கும் இல்லை. ஃப்ராஸ்ட் தாக்குதல் பிரிவின் நான்கு உதவியாளர்களை நீக்கியது நான்காம் பருவத்தின் இறுதியில், 2021 நவம்பரில்தான்; உத்தி அறிவிக்கும் வேலையை உதவிப் பயிற்சியாளர் மார்க் விப்பிளிடம் ஒப்படைத்ததும், சிறப்பு அணிகளுக்குத் தனி ஒருங்கிணைப்பாளர் அமர்ந்ததும் 2022 பருவத்துக்கே. அந்த ஏற்பாடு அவர் தலைமையில் நீடித்தது மூன்று ஆட்டங்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய இழப்பீடு ஏறத்தாழ 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். செப்டம்பர் 11 அன்றே பல்கலைக்கழகம் அவரை அனுப்பிவிட்டது.