கம்பிக்குக் கீழே டியூப்லைட் ஏன் எரியுது?

உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே நின்று ஒருவர் டியூப்லைட்டைக் கையில் பிடிக்கிறார். வயரே இல்லாமல் அது மங்கலாக எரியுது. இப்படி ஒரு வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. மேட்டூரிலிருந்து கம்பிகள் போகும் சேலம், நாமக்கல் பக்கம் ஒரு விவசாயி, "தம்பி, இதிலிருந்து கதிர்வீச்சு ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வீங்க?

"காந்தப்புலம் அதிருது, அதுதானே ஒளி" என்பது பாதிதான் சரி.

மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உருவாக்கும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினார். மாறும் மின்புலமும் காந்தப்புலத்தை உருவாக்கும் என்று மேக்ஸ்வெல் சேர்த்தார். இப்படி ஒன்றையொன்று உருவாக்கிக்கொண்டே நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போவதுதான் மின்காந்த அலை. அது நொடிக்குச் சுமார் 400 முதல் 750 லட்சம் கோடி முறை அதிர்ந்தால் நம் கண்ணுக்கு ஒளி.

நம்ம கம்பியில் 50 ஹெர்ட்ஸ்தான். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்க: அலைநீளம் 6000 கி.மீ. வயலில் நிற்பவர் கம்பியிலிருந்து சில மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறார். அவ்வளவு பக்கத்தில் இருப்பது விலகி ஓடும் அலை இல்லை, கம்பியைச் சுற்றியே அதிரும் புலம். அங்கே மின்புலம் வோல்டேஜைப் பொறுத்தது, காந்தப்புலம் கரண்டைப் பொறுத்தது. ஒளியில் இரண்டையும் இப்படித் தனித்தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

டியூப்பை எரிய வைப்பது முக்கியமாக மின்புலம்தான். கம்பியும் தரையும் ஒரு கப்பாசிட்டரின் இரு தகடுகள் மாதிரி; நடுவில் டியூப். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களை மின்புலம் முடுக்குது. அவை பாதரச அணுக்களில் மோத, அணுக்கள் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை விடுது. கண்ணாடியின் உட்பூச்சு அதை வெள்ளை ஒளியாக்குது. ஆக, 50 ஹெர்ட்ஸ் புலம் ஒளியாக மாறவில்லை. ஆற்றலை மட்டும் தந்தது. எந்த அதிர்வெண்ணில் ஒளி வரணும் என்று தீர்மானித்தவை அணுக்களும் பூச்சும்தான்.

எனவே அந்த விவசாயியிடம், "எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லைங்க" என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனா "ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிடாதீங்க. அங்கே பலமான மின்புலம் இருக்கு என்பதற்கு அந்த டியூப்பே சாட்சி. எர்த் செய்யாத நீளமான கம்பிவேலியில் கை வைத்தால் ஷாக் அடிப்பதும் அந்தப் புலத்தால்தான். வேலியை முறையாக எர்த் செய்யச் சொல்லுங்க. டியூப் சோதனையை மட்டும் நீங்க போய்ச் செய்து பார்க்காதீங்க!