மாவோரியரின் போர்த்தோணி

நிலத்திற் போர் புரிவோர்க்குத் தேரும் குதிரையும் துணையாவன. நீர் சூழ்ந்த நாட்டில் வாழ்வோர்க்கோ மரக்கலமே தேர், மரக்கலமே குதிரை. பசிபிக் மாகடலின் தென்பகுதியில் அமைந்தது நியூசிலாந்து. அத்தீவுகளில் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர் மாவோரி மக்கள். அவர்கள் பல குலங்களாகப் பிரிந்து, ஆற்றங்கரைகளிலும் கடற்கரைகளிலும் வாழ்ந்தனர். குலங்களிடையே பகை மூண்டபோது வீரரைச் சுமந்து சென்றது ‘வாக்கா தவுவா’ என்னும் போர்த்தோணி. வாக்கா என்பது தோணி; தவுவா என்பது போர்ப்படை.

1769 ஆம் ஆண்டில் அந்நாட்டை அடைந்த ஆங்கில மாலுமி குக் என்பாரின் குழுவினர் தோணி ஒன்றை அளந்து பார்த்தனர். அஃது 68 அடிக்கு மேல் நீண்டிருந்தது; அகலமோ ஏறத்தாழ 5 அடியே. இரும்பு இன்னதென்று அறியாத மக்கள் இத்துணைப் பெரிய கலத்தை எவ்வாறு செய்தனர்? கல்லாலான வாய்ச்சியும், தீயும், தளராத பொறுமையுமே அவர்களுடைய கருவிகள்.

தோணிக்கு உரியவை தோத்தரா, கௌரி என்னும் பெருமரங்கள். அவை காட்டுத் தெய்வத்தின் மக்கள் என்பது மாவோரியர் நம்பிக்கை. ஆதலின், மந்திரம் ஓதித் தெய்வத்தின் இசைவு பெறாமல் மரத்தில் வாய்ச்சி வைக்கமாட்டார்கள். இதனை விளக்க ஒரு பழங்கதை உண்டு. ராத்தா என்னும் இளைஞன் இசைவு வேண்டாமலே ஒரு மரத்தை வெட்டி வீழ்த்தினான். மறுநாட் காலையில் வந்து பார்த்தபோது அம்மரம் முன்போலவே நிமிர்ந்து நின்றது. மீண்டும் வெட்டினான்; மீண்டும் அது நின்றது. அவன் மறைந்திருந்து நோக்கியபோது, காட்டில் வாழும் சிறு தெய்வங்கள் திரண்டு வந்து மரத்தைத் தூக்கி நிறுத்தக் கண்டான். தன் பிழையை உணர்ந்து நாணி நின்ற அவனுக்கு, அத்தெய்வங்களே தோணியைச் செய்து கொடுத்தன என்பது கதை.

அடிமரத்தைச் சிறிது வெட்டியும் சிறிது எரித்தும் மரத்தை வீழ்த்துவர். பின்னர் அதனைக் குடைந்து, இருபுறமும் நீண்ட பலகைகளை வைத்து, நார்க்கயிற்றால் இறுகக் கட்டுவர். இடுக்குகளிற் சம்பங்கோரையின் பஞ்சை அடைப்பர். செங்காவியைச் சுறா எண்ணெயிற் குழைத்துப் பூசுவர். முன்பகுதியாகிய அணியத்திலும், உயர்ந்து நிற்கும் பின்பகுதியிலும் சுருள் சுருளாகச் சிற்பம் செதுக்கிப் பறவை இறகுகளால் அழகு செய்வர். தோணி வேலை நடைபெறும் இடம் தூயதாகக் கருதப்பட்டது. சமைத்த உணவை அங்கே கொண்டு செல்லலாகாது. பெண்டிர் அங்கே அணுகலாகாது என்பன பழைய கட்டுப்பாடுகள்.

போர்க்குப் புறப்படுங்கால் வீரர் இருபக்கமும் முன்னோக்கி அமர்ந்து துடுப்பு வலிப்பர். நடுவே ஒருவன் நின்று பாட்டிசைப்பான். அப்பாட்டின் தாளத்திற்கேற்ப அத்தனை துடுப்புகளும் ஒருங்கே நீரில் ஆழும், ஒருங்கே எழும். ஒரு கை பிந்தினாலும் அடுத்த துடுப்பிற் சென்று மோதும். எனவே, தோளின் வலிமையைக் காட்டிலும் தோழனோடு இயைந்து வலிக்கும் பயிற்சியே வீரனுக்கு முதற்கண் வேண்டப்பட்டது. பெரும்பாலும் இவ்வீரர் கரையேறியே போர் செய்தனர். நீண்ட மரத்தடியும், கல்லாலும் எலும்பாலும் ஆன கைத்தடியும் அவர்தம் படைக்கலங்கள். எனினும் நீரிலும் அவர் அஞ்சினாரல்லர். 1642 ஆம் ஆண்டில் டச்சு மாலுமி தாசுமனின் இரு கப்பல்கள் அங்கு நங்கூரமிட்டிருந்தன. அவற்றினிடையே சென்ற சிறுபடகின்மேல் மாவோரியர் தம் தோணியை விரைந்து செலுத்தி மோதினர். அப்போரில் டச்சு மாலுமியர் நால்வர் மாண்டனர்.

இத்தகைய தோணிகளுக்கும் ஒரு கெடுநாள் வந்தது. 1863 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் படை வைக்காத்தோ ஆற்று நாட்டினுட் புகுந்தது. கவசமிட்ட நீராவிக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்தன. மாவோரியர் தோணிகள் பல கைப்பற்றப்பட்டன, பல உடைக்கப்பட்டன. ‘தே வினிக்கா’ என்னும் புகழ்பெற்ற தோணியும் படைவீரராற் சிதைக்கப்பட்டது. போருக்குப்பின் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலமும் அம்மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. நிலத்தோடு தொழிலும் நலிந்தது. தோணி செய்யும் கலையை அறிந்த முதியவர் மிகச் சிலரே எஞ்சினர்.

அந்நிலையில், மாவோரி அரசர் குடியிற் பிறந்த தே புவேயா (1883–1952) என்னும் பெருமாட்டி அக்கலையைக் காக்க முன்வந்தார். முதியவர் வழிகாட்ட, இளைஞர் வாய்ச்சி பிடித்தனர். தே வினிக்காவின் எஞ்சிய அடிமரம் எடுத்துச் செப்பனிடப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் மீண்டும் முழுத்தோணியாயிற்று. அதன்பின் அவருடைய தூண்டுதலால் வடநாட்டுக் குலத்தார் மூன்று கௌரி மரங்களைக்கொண்டு ஏறத்தாழ 117 அடி நீளமுள்ள பெருந்தோணி ஒன்றைச் செய்து, 1940 ஆம் ஆண்டில் வைத்தாங்கி என்னும் ஊரில் நீரில் இறக்கினர். அதனைச் செலுத்தக் குறைந்தது 76 பேர் வேண்டும். பெண்டிர் அணுகாதிருந்த தொழிலை அழியாமற் காத்தவர் ஒரு பெண்மணி என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

1973 ஆம் ஆண்டில் மாவோரி அரசியார் தே வினிக்காவை ஆமில்டன் நகரத்தார்க்கு நன்கொடையாக அளித்தார். எந்த இனத்தார் படை அதனைச் சிதைத்ததோ, அவ்வினத்தார் வழியினரும் மாவோரியரும் ஒருங்கு வாழும் நகரம் அது. பகைவர்மேற் செல்லப் பிறந்த தோணி நட்பின் அடையாளமாயிற்று. நீரில் ஒருங்கே எழுந்து விழும் துடுப்புகள் கற்பித்த ஒற்றுமையை மறவாத மக்கள், இழந்த கலையையும் மீட்டனர். இழிவு செய்தாரையும் அன்பினால் வென்றனர்.