‘காதுகள்’ புதினமும் இளம் வாசகரின் மெய்ப்பாடுகளும்

முன்னுரை

உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களன்களை நந்நான்காகக் காட்டுவார். மனத்துன்பத்தைப் பொருளாகக் கொண்ட புதினம் இளைஞரிடம் எழுப்பும் மெய்ப்பாடுகள் யாவை என்பதை எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ கொண்டு ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து பயில வரும் நம் மாணவ மாணவியருடன் சேர்ந்து இப்புதினத்தைப் படித்தோம். அவ்வாசிப்பே இதற்கு அடிப்படை.

நூலும் பொருளும்

கும்பகோணத்தைச் சேர்ந்த எம்.வி. வெங்கட்ராம் (1920-2000) ‘மணிக்கொடி’ மரபில் வந்த எழுத்தாளர். ‘காதுகள்’ 1993ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசினைப் பெற்றது. எழுத்தாளனும் முருக பக்தனுமான மகாலிங்கத்தின் காதுகளில் உருவமற்ற குரல்கள் ஓயாது ஒலிக்கின்றன, ஏசுகின்றன, இழிமொழி பேசுகின்றன. வறுமையும் உடன் நெருக்குகிறது. தாம் பட்ட அனுபவமே இது என்று ஆசிரியர் கூறியுள்ளார்.

இதனை நோய் என்பதா, ஆன்மிகப் போராட்டம் என்பதா என்று தீர்ப்பளிக்க ஆசிரியர் விரையவில்லை. இது இளைஞர்க்கென்றே எழுதப்பட்ட நூலும் அன்று. எனினும் மனச்சிதைவு போன்ற கடுநோய்கள் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவன. ஆதலின் கல்லூரி மாணவர்க்கு இந்நூல் அயலானதன்று.

நகையும் அச்சமும்

வகுப்பில் முதலில் எழுந்தது நகை. குரல்களின் வசைமொழி கேட்டுச் சிலர் சிரித்தனர். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் களன்களுள் ஒன்றாகிய எள்ளலின்பாற்பட்டது அது. பக்கங்கள் நகர, சிரிப்பு அச்சமாயிற்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் அச்சக் களன்களுள் இங்கு அமைவது அணங்கே. கதவை அடைத்தாலும் காதினுள் இருக்கும் குரலுக்கு எங்ஙனம் தப்புவது?

இளிவரலிலிருந்து அழுகைக்கு

இளிவரலின் களன்களுள் பிணியும் ஒன்று. பிணியுற்றோரைக் கண்டு முகம் சுளித்து விலகும் இயல்பினைத் தொல்காப்பியம் மறைக்கவில்லை. அழுகையின் களன்களிலோ இளிவு முதலிடம் பெறுகிறது. பிறரால் இகழப்பட்டு எளியராதல் அது. மகாலிங்கத்தின் பிணி கண்டு கூசிய உள்ளம், அவன் படும் இளிவு கண்டு கலங்கத் தொடங்கும் இடமே இப்புதினத்தின் வெற்றி என்பது நம் துணிபு.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர், “என் அத்தையும் இப்படித்தான் காதுகளைப் பொத்திக்கொள்வார், அவருக்கு என்ன கேட்கிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை” என்றார். வகுப்பு அமைதியாயிற்று.

கேளாக் காதுகள்

சங்க அகப்பாடல்களில் மகளின் மெலிவைக் கண்ட தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள், மகளை வினவமாட்டாள். இன்றும் நம் ஊர்களில் தாயத்தும் மந்திரிப்பும் முந்துகின்றன, மருத்துவர் பிந்துகிறார். கோயிலாயினும் தர்காவாயினும் மாதா கோயிலாயினும் நம்பிக்கை ஆறுதல் தரலாம். அது மருத்துவத்திற்கு மாற்றாகும்போதுதான் தீங்கு நேர்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். அவர்தம் கூக்குரலையும் கேட்கக் காதுகள் இல்லை. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. இவற்றை அறிந்திருத்தலும் இலக்கியக் கல்வியின் பயனே.

முடிவுரை

இப்புதினத்தின் தலைப்பு மகாலிங்கத்தின் காதுகளை மட்டும் குறிப்பதாக நாம் கருதவில்லை. அவன் காதுகள் மிகையாகக் கேட்டன. சுற்றியிருந்தோர் காதுகளோ கேளாதிருந்தன. நகையில் தொடங்கி அழுகையில் முதிர்ந்த நம் மாணவரின் வாசிப்பு, கேட்கும் செவியாகக் கனிதல் வேண்டும். வீட்டிலோ விடுதியிலோ ஒருவர் தனித்து ஒடுங்கக் காணின், “உனக்கு என்ன கேட்கிறது? என்ன வருத்துகிறது?” என்று பரிவுடன் வினவுவோமாக.