கட்டியில் இருக்கும் மரபணு மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது

"டாக்டர், பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். ஜீன்ல கோளாறுன்னு எழுதிட்டீங்களே, அவளுக்கும் வந்துடுமா?" நுரையீரல் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் குடும்பத்தார் இதைத்தான் கேட்கிறார்கள். எந்த மருந்து கேட்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. சிலர் இந்தப் பயத்திலேயே பரிசோதனை வேண்டாம் என்று மறுத்துவிட்டு நேரே கீமோவுக்குப் போய்விடுகிறார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, தகுந்த மாத்திரை இருக்கும் நோயாளிக்கு அது கிடைக்காமல் செய்வது பெரிய அநியாயம்.

திசுவைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதனால் உறுதியாகச் சொல்கிறேன். ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே, கே-ராஸ் என்று அறிக்கையில் வரும் மாற்றங்கள் அநேகமாக எல்லாமே, அந்த மனிதர் பிறந்து பல ஆண்டுகள் கழித்து, நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டவை. அந்தச் செல் பெருகித்தான் கட்டியானது. அவருடைய விந்தணுவிலோ கருமுட்டையிலோ அந்த மாற்றம் கிடையாது. இல்லாத ஒன்றைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பார்?

"ரத்தத்திலும் பாசிட்டிவ்னு வந்திருக்கே" என்று அடுத்த கேள்வி வரும். கட்டியின் செல்கள் அழியும்போது அவற்றின் டி.என்.ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அந்தப் பரிசோதனை பிடிப்பது அவற்றைத்தான். தாய் தந்தை வழியாக வந்த மாற்றம் என்றால் உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கும். பரிசோதனையில் அதன் அளவு பாதிக்குப் பக்கத்தில் நிற்கும். கட்டியிலிருந்து வருவதோ பெரும்பாலும் சில சதவீதம்தான், சில சமயம் 1 சதவீதம்கூட இருக்காது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் அது குறைகிறது, பலருக்குத் தென்படாமலே போகிறது. பிறவியிலேயே வந்தது மாத்திரை சாப்பிட்டால் மறையுமா?

விதிவிலக்கு உண்டு. டி790எம் என்ற மாற்றம் வழிவழியாக வரும் குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் மிக மிக அரிது. மாத்திரை எதுவும் தொடங்காதவருக்கு அது பாதியளவில் தெரிந்தால், பரம்பரையா என்று நாங்களே தனியாகச் சோதிக்கச் சொல்வோம். மற்றவர்கள் கல்யாணப் பேச்சை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

இனி, எந்த மருந்து கேட்கும் என்ற கேள்விக்கு வருவோம். ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றங்களுக்கும் மாத்திரைக்கும் உள்ள தொடர்பு 2004-இல் தெரியவந்தது. இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. அதிலும் உட்பிரிவைப் பார்க்க வேண்டும். எக்ஸான் 19 நீக்கம், எல்858ஆர் இரண்டும் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். எக்ஸான் 20 செருகல்களில் பெரும்பாலானவை வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாது, அவற்றுக்கு அமிவான்டமாப் போன்ற வேறு மருந்து வேண்டும். ஏ.எல்.கே இணைவு இருந்தால் பாதையே வேறு. அதற்கான லார்லாடினிப் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுகள் கழித்தும் நோய் முற்றவில்லை என்று கிரவுன் ஆய்வு காட்டியது. முற்றிய நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஒரு கணக்கை முன்பு யாரும் எதிர்பார்த்ததில்லை.

"டெஸ்ட் எதுக்கு, மாத்திரையைக் கொடுத்துப் பாத்துடலாமே" என்பதும் தவறு. கிழக்கு ஆசியாவில் நடந்து 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இல்லாதவர்களுக்கு ஜெஃபிடினிப் என்ற மாத்திரையைக் கொடுத்தபோது கீமோவைவிட மோசமான பலனே கிடைத்தது. மாத்திரை கிடைத்துவிட்டால் கீமோவே தேவையில்லை என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் உள்ள 350 பேரிடம் செய்த ஆய்வில், ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் சராசரியாக 8 மாதம் கட்டுக்குள் இருந்தது. கீமோவும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 16 மாதம்.

விலை கூடிய இம்யூனோதெரபிதான் உசத்தி என்பது வீண் பேச்சு. ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் பயன் குறைவு. அதைப் போட்ட கையோடு ஆசிமெர்டினிப் என்ற ஈ.ஜி.எஃப்.ஆர் மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சிக்கான ஆபத்தும் கூடுகிறது. நோயாளியின் நிலைமை இடம் கொடுத்தால் அறிக்கை வரும்வரை பொறுங்கள். சிகரெட்டைத் தொடாதவருக்கு இந்த நோய் வராது என்பதும் பொய். புகைப்பவருக்கு இந்தப் பரிசோதனை வீண் என்பதும் பொய்.

நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்று உண்டு. பயாப்ஸி எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். மருத்துவமனை மாறும்போது எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் பையில் எடுத்து வருகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டு வருகிறார்கள். அது இல்லையென்றால் மூச்சுத் திணறும் மனிதருக்கு மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் கேட்டு பிளாக்கை வாங்குங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், புதிய மருத்துவரிடம் அதை முதலில் கொடுங்கள்.