வெள்ளிக்கொடியும் பூனைவணங்கியும்

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சீனி என்று பெயர். உடம்பு முழுக்க வெள்ளை. சென்ற வருடம், ஜப்பானில் வாகன விற்பனை நிலையமொன்றில் வேலை செய்யும் என் மாமா விடுமுறையில் வந்தபோது எங்களுக்குச் சொக்கலேட்டும் சீனிக்கு ஒரு சிறிய துணி மீனும் கொண்டு வந்தார். அந்த மீனை அவள் முன்னால் போட்டதும் நாங்கள் பயந்து போனோம். முகத்தை அதில் தேய்த்தாள், நக்கினாள், வாயில் உமிழ்நீர் வழிய நிலத்தில் புரண்டாள். "பூனைக்கு வலிப்பு வந்திட்டு" என்று உம்மா சத்தமிட்டார். ஏழெட்டு நிமிடத்தில் சீனி எழுந்து, ஒன்றும் நடவாதது போல் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள்.

"மீனுக்குள்ள மத்தத்தாபித் தூள் இருக்கு. அங்க பூனைச் சாமான் விக்கிற கடையெல்லாம் இது கிடைக்கும்" என்று மாமா சிரித்தார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அன்றிரவு பாடப்புத்தகத்தில் மனம் செல்லவில்லை.

மத்தத்தாபி என்பது ஜப்பானியப் பெயர். ஆங்கிலத்தில் சில்வர் வைன், அதாவது வெள்ளிக்கொடி. விஞ்ஞானப் பெயர் அக்டினிடியா பொலிகமா. நாம் கடைகளில் காணும் கிவிப் பழத்தின் உறவுக்காரி இது. ஜப்பான், கொரியா, வட சீனா, ரஷ்யாவின் தூரகிழக்கு ஆகிய இடங்களின் மலைக்காடுகளில் மரங்களில் ஏறிப் படரும். கோடையின் ஆரம்பத்தில், பூக்கும் காலத்தில், கொடியின் நுனிப்பக்க இலைகள் வெள்ளையடித்தது போல் மாறிவிடும். வெள்ளிக்கொடி என்ற பெயருக்குக் காரணம் அதுதான்.

இதன் இலையிலுள்ள நெப்பெற்றலக்டோல் என்னும் சேர்வைதான் பூனையைப் புரள வைக்கிறது என்று ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாக்கி, ரெய்கோ உவேனோயாமா முதலிய ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்தார்கள். அந்தச் சேர்வையை முகர்ந்து புரண்ட பூனைகளின் இரத்தத்தில் பீற்றா எண்டோர்பின் அளவு கூடியிருந்தது. நமக்கு வலியைக் குறைத்து இன்பத்தைத் தரும் அதே உடற்பொருள்தான். அதன் தொழிற்பாட்டைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது பூனைகள் தேய்ப்பதையும் புரள்வதையும் விட்டுவிட்டன. எனக்கு இதைவிடப் பிடித்தது அவர்களின் அடுத்த கண்டுபிடிப்பு. வெள்ளிக்கொடியில் முகம் தேய்த்த பூனைகளின் தலையில் மற்றப் பூனைகளின் தலையில் இறங்கியதில் ஏறக்குறைய அரைவாசி நுளம்புகளே இறங்கின. பூனை விளையாடுகிறது என்று நாம் சிரிக்கிறோம். அதுவோ நுளம்பு எண்ணெய் பூசிக்கொள்கிறது! அவர்கள் பயன்படுத்திய நுளம்பு ஈடிஸ் அல்பொபிக்டஸ். நம் நாட்டில் டெங்குவைப் பரப்பும் இரண்டு இனங்களில் அதுவும் ஒன்று.

எல்லாப் பூனைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் நூறு பூனைகளுக்கு இத்தகைய சில தாவரங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கொடிக்கு ஏறக்குறைய எண்பது பூனைகள் மயங்கின. மேலைநாடுகளில் பிரபலமான கெட்னிப் என்னும் செடியைக் கண்டுகொள்ளாத பூனைகளிலும் நான்கில் மூன்று பங்கு இதற்கு மயங்கினவாம்.

இவ்வளவும் வாசித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மாமாவிடம் விதை கேட்டேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டு விதைகளை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஒரு விதையோடு வரும் நோய் ஒரு மாவட்டத்தின் பயிரையே அழிக்கலாம் என்பதால் அவர் சொன்னது நியாயந்தான். விதை வந்தாலும் பயனிருந்திருக்காது. இதன் விதை முளைப்பதற்கு முன் பல வாரங்கள் ஈரமான குளிரில் கிடக்க வேண்டும். கொடி ஒவ்வொரு குளிர்காலத்திலும் இலை உதிர்த்து உறங்க வேண்டும். ஜப்பானில் வீட்டில் வளர்ப்பவர்கள் பந்தல் கட்டிக் கொடியை ஏற்றி, இளங்கன்றைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பார்களாம். இல்லாவிட்டால் அயலிலுள்ள பூனைகள் எல்லாம் வந்து கன்றைக் கடித்துத் தீர்த்துவிடும். எங்கள் காத்தான்குடியின் கடற்கரை மணலுக்கும் சித்திரை வெயிலுக்கும் வலை தேவையில்லை, கன்று தானாகவே போய்விடும்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பதைக் கண்ட உம்மும்மா, "அதுக்கு ஏன் புள்ள ஜப்பானுக்குப் போற? நம்மட வேலியடியில பூனவணங்கி கிடக்கே" என்றார்.

குப்பைமேனியைத்தான் சொன்னார். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. வீதியோரத்திலும் மதிலடியிலும் தானாக முளைக்கும். காம்பு நீண்ட இலை, பல்வெட்டு விளிம்பு, தண்டில் சிறு கிண்ணம் போன்ற பச்சை மடல்களுக்குள் பெண்பூக்கள். இத்தனை வருடம் நான் மிதித்து நடந்த செடி. பூனைவணங்கி என்ற இன்னொரு பெயர் தமிழில் அதற்குப் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் இந்தச் செடியின் இலையைச் சீனி ஏறெடுத்தும் பார்ப்பதில்லையே என்று கேட்டேன். "இலை இல்ல, வேர். புடுங்கிப் பாரு" என்றார்.

பிடுங்கிப் பார்த்தேன். சீனி வணங்கினாள்!

பிறகுதான் விஞ்ஞானத்தைத் தேடினேன். இந்து சமுத்திரத்தில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவிலும் பூனைகள் இந்த வேருக்கு ஓடிவருகின்றன. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் அந்த வேரிலிருந்து ஐசோடைஹைட்ரோநெப்பெற்றலக்டோன், ஐசோஇரிடோமேர்மெசின் என்னும் இரண்டு சேர்வைகளை இனங்கண்டார்கள். இரண்டும் வெள்ளிக்கொடியிலுள்ள சேர்வையின் நெருங்கிய உறவினர். குடும்பத்தால் சம்பந்தமில்லாத இரண்டு செடிகள், ஒன்று பனி மலையில், மற்றது நம் குப்பைமேட்டில், ஒரே வகை இரசாயனத்தைச் செய்து வைத்திருக்கின்றன.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முற்றிய செடியொன்றைப் பூச்சாடியின் மேல் உலுக்கினால் போதும், ஈரம் இருந்தால் முளைத்துவிடும். மணலோடு கூட்டெரு கலந்தேன். மண் இளக்கமாக இருப்பது முக்கியம், ஏனெனில் நமக்கு வேண்டியது வேர். இறுகிய மண்ணில் இழுத்தால் பாதி அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும். சாடிக்குக் கீழே தட்டு வைக்கவில்லை. அதில் நீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வாப்பாதான் பதில் சொல்ல வேண்டும். பூத்த செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, பழைய துணியில் தைத்த சிறு பைக்குள் போட்டேன்.

எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் சொன்னபோது, "கட்டுப்பாடு எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆகவே மூன்று பைகள் தைத்தேன். ஒன்றில் பூனைவணங்கி வேர், ஒன்றில் முளைக்கீரை வேர், மூன்றாவது வெறும் பை. அஸர் தொழுகைக்குப் பின் முற்றத்தில் மூன்றையும் வைத்து அவதானித்தேன். சீனி முதற்பையில் ஆறு நிமிடம் புரண்டாள். எங்கள் வளவுக்கு வந்துபோகும் தாய்ப்பூனை அதே பையைக் கட்டிப்பிடித்துக் கடித்தது. பக்கத்து வீட்டுச் சாம்பல் கடுவன் மூன்றையும் முகர்ந்துவிட்டு, எங்களை ஒருமுறை பார்த்து, மதிலேறிப் போய்விட்டது. தாய்ப்பூனையின் இரண்டு மாதக் குட்டி பையின் நூலோடு மட்டும் விளையாடியது. கெட்னிப்பிலும் சில மாதம் ஆகாத குட்டிகள் மயங்குவதில்லை என்று வாசித்திருக்கிறேன். நான்கு பூனைகளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று ஆசிரியை என் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினார். சரிதான்.

இங்கேயே கட்டுரையை முடித்திருப்பேன், அந்த வெள்ளிக்கிழமை வராமல் இருந்திருந்தால்.

சாடிகளில் குப்பைமேனி தளதளவென்று வளர்ந்திருப்பதைக் கண்ட உம்மும்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. கொழுந்தைக் கிள்ளிப் பகல் சோற்றுக்குச் சுண்டல் செய்ய ஆய்ந்து வைத்துவிட்டார். நம் நாட்டில் குப்பைமேனி இலையைக் கஞ்சியிலும் கறியிலும் சேர்ப்பது புதிதல்ல. ஆனால் என் தம்பிக்கு ஜி6பிடி என்னும் நொதியக் குறைபாடு இருக்கிறது. பிறந்து சில நாட்களில் வந்த மஞ்சட்காமாலையின்போது கண்டுபிடித்தார்கள். அவன் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பூச்சி உருண்டை அதில் இருக்கிறது, சில மருந்துகள் இருக்கின்றன. குப்பைமேனி இல்லை.

எனக்கு அது தெரிந்திருந்தது இந்தக் கட்டுரைக்காகத்தான். பூனைவணங்கியைப் பற்றித் தேடும்போது, 1996இல் இலங்கை வைத்தியர்கள் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய அறிக்கையைப் பற்றி வாசித்தேன். குப்பைமேனி சேர்த்த மூலிகைக் கஞ்சியைக் குடித்த, இந்தக் குறைபாடுள்ளவர்களுக்கு இரத்தக் குழாய்களுக்குள்ளேயே செங்குழியங்கள் உடைந்து போயின. செங்குழியத்தை ஒட்சியேற்றத்திலிருந்து காப்பதற்கு வேண்டிய பொருளை உண்டாக்கும் பாதையில் இந்த நொதியம் நிற்கிறது. அது குறைந்தால் மற்றவர்களுக்குச் சாதாரணமான உணவும் அந்தக் குழியத்தைச் சிதைக்கலாம். பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். தம்பிக்கு அது உம்மாவிடமிருந்து வந்தது. எனக்கும் வந்திருக்கலாம்.

ஆய்ந்த இலையை நான் எடுத்துக் கொட்டியபோது உம்மும்மா கோபித்துக்கொண்டார். "நாங்க இத்தன காலம் திண்டம், என்ன நடந்த?" காரணத்தைச் சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. தம்பியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அன்று பருப்பும் மீன் பொரியலும்தான்.

சீனியைப் பற்றியும் அப்போது யோசித்தேன். பூனையின் ஈமோகுளோபின் ஒட்சியேற்றத்தால் இலகுவில் கெட்டுவிடும். நாம் காய்ச்சலுக்குக் குடிக்கும் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். வீட்டில் பூனை வளர்க்கும் உம்மாமார் இதை மறக்க வேண்டாம். ஆகவே வேரை இப்போது வெறுமையாகக் கொடுப்பதில்லை. இரட்டைத் துணியில் தைத்த பையை வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மணமே அவளுக்குப் போதுமாக இருக்கிறது.

சாடிகள் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டன. ஒவ்வொன்றிலும் உம்மா சிவப்புப் பெயின்றால் 'பூனைக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறார். குளிர்சாதனப்பெட்டிப் பட்டியலின் கடைசியில் குப்பைமேனி என்று எழுதியது நான். வேலியடியில் முளைக்கும் கன்றுகளை உம்மும்மாவே காலையில் பிடுங்கிவிடுகிறார். பிடுங்கிய வேரை எறிவதில்லை, என் படிக்கும் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அதனால் சீனி இப்போது என் கொப்பிகளின் மேல்தான் தூங்குகிறாள்.